தண்ணீரைப் பழுப்பாக்கும் "மாயக் கம்பி!" மதுரைக் குழாயில் வருவது உப்பா, விஷமா?

மதுரை நகரில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று நல்ல தண்ணி. இன்னொன்று உப்புத் தண்ணி.

நல்ல தண்ணி என்றால் வைகைத் தண்ணீர். மாநகராட்சி குழாயில் வருவது. உப்புத் தண்ணி என்றால் ஆழ்குழாய்த் தண்ணீர். வீட்டு போரில் வருவது, அல்லது தெரு முனையில் நிற்கும் சின்டெக்ஸ் தொட்டியில் பிடிப்பது. முன்பெல்லாம் நல்ல தண்ணி குடிக்க, உப்புத் தண்ணி குளிக்க, துவைக்க என்று கணக்கு சரியாக இருந்தது.

இப்போது மூன்றாவதாக ஒரு தண்ணீர் வந்துவிட்டது. சின்ன வேனில் தெருத்தெருவாக வந்து குடம் குடமாக விற்கும் தண்ணீர். கேனில் வரும் தண்ணீர். குடிசை வீட்டில்கூட குடிக்க இதுதான். குழாயில் நல்ல தண்ணி வந்தாலும், "அதை யாரு குடிப்பா?" என்று ஒதுக்கி வைக்கும் வீடுகள் பெருகிவிட்டன.

இந்த மூன்றில் எது நல்லது, எது கெட்டது? பெரும்பாலானவர்கள் நாக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கரித்தால் கெட்டது. இனித்தால் நல்லது. இந்த நாக்குக் கணக்கு தப்பு. இந்தத் தப்பை வைத்து ஒரு கூட்டம் நன்றாகக் காசு பார்க்கிறது.

"அக்கா, இதையா குடிக்கிறீங்க?"

தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் ஒரு வித்தை காட்டுவது உண்டு. பகல் நேரம் பார்த்து வருவார்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

"அக்கா, ஒரு டம்ளர் குழாய்த் தண்ணி குடுங்க" என்பார் வந்தவர். தன் பையில் இருந்து மெஷின் தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றிப் பக்கத்தில் வைப்பார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி தெளிவாக இருக்கும். பிறகு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன கருவியை எடுப்பார். இரண்டு டம்ளரிலும் கம்பிகளை இறக்கி, கரண்ட் பிளக்கைச் சொருகுவார்.

ஒரு நிமிஷம்தான். குழாய்த் தண்ணீர் டம்ளரில் பழுப்பு கிளம்பும். பச்சையும் கறுப்புமாகக் கசடு மிதக்கும். சாக்கடையைப் போல் ஆகிவிடும். பக்கத்து டம்ளர் கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கும்.

"அக்கா, இதையா குடிக்கிறீங்க? பிள்ளைக்கும் இதையா குடுக்குறீங்க?"

அவ்வளவுதான். பெற்றவள் வயிறு கலங்கிவிடும். அன்றைக்கே முன்பணம், மிச்சம் தவணை. மெஷின் வீட்டுக்கு வந்துவிடும்.

குட்டு எங்கே?

விஷயம் தண்ணீரில் இல்லை. கம்பியில் இருக்கிறது!

அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. உப்புக் கலந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரையும். கரைந்த இரும்புதான் துருவாகி, பழுப்பாக, கசடாக மிதக்கிறது. டம்ளரில் தெரியும் அழுக்கு குழாயில் இருந்து வந்ததல்ல. வந்தவர் கொண்டு வந்த கம்பியில் இருந்து வந்தது.

மெஷின் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. ஆகவே மின்சாரம் பாயாது. கம்பி கரையாது. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார் சொல்லித் தரும் மின்னாற்பகுப்புதான் இது. இதில் தண்ணீரின் சுத்தம், அசுத்தம் எதுவும் தெரிய வராது.

சந்தேகம் இருந்தால் வந்தவரிடமே ஒன்று கேட்கலாம். "தம்பி, உங்க தண்ணியிலே ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு, அதே கம்பியை மறுபடி வைங்க." அவருடைய தண்ணீரும் அதே மாதிரி பழுத்துவிடும். கதை கந்தலாகிவிடும். (வீட்டுக்காரர்கள் தாங்களே கம்பியை எடுத்து இந்தப் பரிசோதனையில் இறங்க வேண்டாம். நேரடி கரண்ட், உயிருக்கு ஆபத்து.)

மெஷினே வேண்டாம் என்பதல்ல. உப்பு மிக அதிகமாக உள்ள போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்ற வீட்டுக்கு அது தேவைப்படலாம். ஆனால் பொய் சொல்லிப் பயமுறுத்தி விற்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

பேனா மீட்டர்

கம்பி வித்தை பழசு என்று தெரிந்துகொண்டவர்களிடம் இப்போது "பேனா மீட்டர்" வந்திருக்கிறது. பேனா மாதிரி ஒரு கருவி. தண்ணீரில் நனைத்தால் ஒரு எண் காட்டும். 900 என்று காட்டினால் வீட்டில் பீதி. 30 என்று காட்டினால் நிம்மதி.

இந்தக் கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது ஒன்று, நாம் புரிந்துகொள்வது வேறு. தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு, அவ்வளவுதான் அது. அதுவும் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்துச் சொல்லும் கணக்கு. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பூச்சி மருந்து கலந்திருக்கிறதா என்றும் தெரியாது. காலரா கிருமி உள்ள தண்ணீரில் வைத்தாலும் 200, 300 என்று சாதுவாகக் காட்டும்.

இதே மீட்டரை இளநீரில் வைத்துப் பார்த்தால் எண் ஆயிரக்கணக்கில் எகிறும். அதற்காக யாரும் இளநீரை விஷம் என்று கொட்டிவிடுவது இல்லை.

மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்கிறது இந்திய தர நிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம். கடினத்தன்மைக்கும் அப்படியே இரண்டு எண்கள். 200 வரை நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. 2012-ம் ஆண்டு திருத்திய குடிநீர் தரப் பட்டியலில் இந்த எண்கள் இருக்கின்றன.

2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டது. மொத்த உப்பு 500-க்குக் கீழே உள்ள இடங்களில் "ஆர்.ஓ." மெஷினைத் தடை செய்ய வேண்டும் என்று சொன்னது. காரணம், மெஷின் வீணாக்கும் தண்ணீர். வீட்டு மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்கு இரண்டு, மூன்று குடம் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. குடத்துக்கும் வாளிக்கும் அலையும் ஊரில் இது எப்படிப்பட்ட கூத்து என்று யோசித்துப் பார்க்கலாம்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

தண்ணீர் வானத்தில் இருந்து விழும்போது அதில் உப்பு இல்லை. மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் ஓடி, வருஷக்கணக்கில் தங்கும்போது பாறையில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கரைகின்றன. கடினத்தன்மை என்பது இந்த இரண்டும்தான்.

மதுரையும் சுற்று வட்டாரமும் கெட்டிப் பாறை பூமி. யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் என்று நாலு பக்கமும் பாறை எட்டிப் பார்க்கிறது. பூமிக்குள்ளும் அதே கதைதான். மேலே கொஞ்சம் மண். கீழே பாறை. பாறை வெடிப்பில் மட்டும் தண்ணீர். போர் ஆழமாகப் போகப் போக, பல இடங்களில் உப்பு கூடிக்கொண்டே போகும்.

ஆற்றோரம் அப்படி அல்ல. கோச்சடை, மேலக்கால், மணலூர் பக்கம் வைகை மணலுக்குள் கிணறு இறக்கித் தண்ணீர் எடுத்து நகருக்குக் கொடுத்தார்கள். மணல் ஒரு இயற்கை வடிகட்டி. ஆற்றில் தண்ணீர் ஓடினால் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும். ஆறு காய்ந்தால் கிணறும் காயும், அல்லது உப்பு ஏறும். அந்த மணலையும் லாரி லாரியாக அள்ளிவிட்டார்கள். வடிகட்டியைத் திருடிவிட்டு, தண்ணீர் ஏன் கலங்குகிறது என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. 71 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அணையில் தண்ணீர் இருந்தால் மதுரைக்குக் குடிநீர். இல்லாவிட்டால் போர் தண்ணீர். 2016-ல் வடகிழக்குப் பருவ மழை பொய்த்தது. 2017 கோடையில் அணை வறண்டது. மிச்சம் இருக்கிற தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அந்த ஏப்ரலில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார் அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு. காற்று வீசியது. அட்டைகள் கரை ஒதுங்கின. நாடே சிரித்தது. சிரித்த வேகத்தில், ஒரு பெரிய நகரம் ஒரே ஒரு அணையை நம்பி இருக்கிறதே என்ற விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஊர் பெருத்த கதையையும் பார்க்க வேண்டும். 1971-ல் மதுரை மாநகராட்சி ஆயிற்று. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தது இதுதான். பிறகு 72 வார்டு இருந்தது 2011-ல் 100 வார்டு ஆகியது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி எல்லாம் சேர்ந்தன. பேர் சேர்ந்த வேகத்தில் குழாய் சேரவில்லை. விரிவாக்கப் பகுதியில் பல தெருக்கள் போர் தண்ணீரையும் லாரியையும் நம்பியே காலம் தள்ளின.

தல்லாகுளம், பீ.பீ.குளம், உலகனேரி. பேரிலேயே குளமும் ஏரியும் இருக்கின்றன. செல்லூருக்கும் வண்டியூருக்கும் மாடக்குளத்துக்கும் கண்மாய் உண்டு. கண்மாய் நிறைந்தால் சுற்றி உள்ள கிணறுகளில் உப்பு குறையும். மழைத் தண்ணீர் கீழே இறங்கி உப்பை நீர்த்துப் போகச் செய்யும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் பல காலம் மாடும் பையன்களும் கிரிக்கெட்டும்தான் இருந்தன. வைகைத் தண்ணீரைக் கால்வாய் வழியாக மறுபடி கொண்டு வந்து நிரப்பிய பிறகு அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு உயிர் வந்தது. இதற்கு மெஷினும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

பருப்பு ஏன் வேகவில்லை?

கடினத் தண்ணீரால் நஷ்டம் உண்டு. அது முதலில் பர்சுக்கு.

சோப்பு நுரைக்காது. சோப்பு போட்டால் சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துத் தயிர் மாதிரி திரித்துவிடும். ஒரு கட்டி கரைய வேண்டிய இடத்தில் இரண்டு கட்டி கரையும். வெள்ளை வேட்டி மங்கும். தலைமுடி பிசுபிசுக்கும்.

துவரம் பருப்பு வேகாது. பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பசையைச் சுண்ணாம்புச் சத்து இறுக்கிவிடுகிறது. விசில் மேல் விசில் போனாலும் பருப்பு கல்லாகவே நிற்கும். கியாஸ்தான் வீண். மருமகளுக்குப் பருப்பு வேக வைக்கத் தெரியவில்லை என்று குறை சொல்லும் மாமியார்கள் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

டீக்கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணீரில் டீ போட்டால் கலர் வராது, மேலே ஆடை மாதிரி படரும். ஆகவேதான் குழாயடியில் என்ன தண்ணீர் வந்தாலும் டீக்கு நல்ல தண்ணி தனியாக வாங்கி வைக்கிறார்கள்.

ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகக் கல் படியும். கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவில் கல் சுவர் எழும்பினால் சூடு எப்படி ஏறும்? கரண்ட் பில்தான் ஏறும். கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். கடினத்தன்மை 600 என்றால், 15 லிட்டர் குடத்தில் 9 கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான உப்பு கரைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 100 லிட்டர் புழங்கினால் மாதம் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் வீட்டுக்குள் வந்து போகிறது.

"கல் வந்துடுமே!"

உப்புத் தண்ணி குடித்தால் கிட்னியில் கல் வரும் என்று மதுரையில் சின்னப் பையன்கூடச் சொல்வான். மெஷின் விற்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இது நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல. குடிநீரில் வழக்கமாகக் காணப்படும் அளவு கடினத்தன்மையால் உடம்புக்குக் கெடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் எந்த எல்லையும் வகுக்கவில்லை. கடினத்தன்மை 600 உள்ள தண்ணீரில் இருப்பது முழுக்கச் சுண்ணாம்புச் சத்தாகவே இருந்தாலும், இரண்டு லிட்டர் குடிப்பதும் இரண்டு டம்ளர் பால் குடிப்பதும் அந்த வகையில் ஏறக்குறைய ஒன்றுதான். பால் குடித்தால் கல் வரும் என்று யாரும் பயப்படுவதில்லை.

கல் வருவதற்கு முக்கியமான காரணம் தண்ணீர் குறைவாகக் குடிப்பது. மதுரை வெயிலில் வேர்வையாகப் போவது கொஞ்சமா? காலையில் இருந்து கடையில் நின்றுகொண்டு, உப்புத் தண்ணிக்குப் பயந்து மத்தியானம் வரை நாலு டீயோடு ஓட்டுகிறவருக்குத்தான் கல் வரும் ஆபத்து அதிகம். ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். அது வேறு விஷயம்.

காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிவதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பொடி, தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்ட சுண்ணாம்பு. கடினத்தன்மையில் ஒரு பகுதி கொதிக்க வைத்தால் இப்படி அடியில் தங்கிவிடும். வடிகட்டிக் குடிக்கலாம். இன்னொரு பகுதி கொதித்தாலும் போகாது. படிகாரம் போட்டாலும், தேற்றாங்கொட்டை உரசினாலும் கலங்கல் தெளியுமே தவிர உப்பு குறையாது.

உண்மையான எமன்

உப்பைப் பற்றி இவ்வளவு பயப்படுகிற ஊர், உயிரை எடுக்கிற விஷயத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவது இல்லை. அதற்குக் காரணம் உண்டு. உப்பு நாக்கில் தெரியும். கிருமி தெரியாது.

1854-ல் லண்டனில் சோஹோ என்ற பகுதியில் காலரா வந்து கொத்துக் கொத்தாக ஜனங்கள் செத்தார்கள். அங்கே பிராட் தெருவில் ஒரு அடிபம்பு இருந்தது. அந்தத் தண்ணீர் ருசியானது என்று பேர். ஊரின் வேறு மூலைக்குக் குடிபோன ஒரு விதவை அம்மாள், அந்த ருசிக்காகவே தினமும் ஒரு பாட்டில் தண்ணீரை வரவழைத்துக் குடித்தார். சோஹோவில் கால் வைக்காத அந்த அம்மாளும் காலராவில் செத்தார். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இந்தக் கணக்கை எல்லாம் கூட்டிப் பார்த்து, வினை பம்பில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். (அதே தெருவில் சாராய ஆலையில் வேலை பார்த்தவர்கள் பீர் மட்டும் குடித்துத் தப்பித்தார்கள் என்பது கிளைக் கதை.)

அவ்வளவு தூரம் போக வேண்டாம். டெல்லிக்குப் போவோம். 1955 டிசம்பரில் டெல்லியில் மஞ்சள் காமாலை வெடித்தது. யமுனையில் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிட்டது. குடிநீர் நிலையத்தில் சுத்தம் செய்துதான் அனுப்பினார்கள். ஆனாலும் சுமார் 29 ஆயிரம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கர்ப்பிணிப் பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பல ஆண்டு கழித்துத்தான் அது ஈ வகைக் காமாலை என்று தெரிய வந்தது.

மதுரையில் சாக்கடை எங்கே புகும்?

மதுரையில் பல வார்டுகளில் குழாயில் தினமும் தண்ணீர் வருவது இல்லை. வரும் நாளிலும் சில மணி நேரம்தான். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

குழாயில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றால், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். வெளியே உள்ள சாக்கடை உள்ளே வராது. தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகிறது. அப்போது ஓட்டை வழியாக வெளியே நிற்கும் அழுக்குத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. பழைய சந்துகளில் வீட்டு இணைப்புக் குழாய்கள் சாக்கடைக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும். மறுநாள் தண்ணீர் திறந்ததும் அந்த அழுக்குத்தான் முதலில் வந்து சேரும்.

இதில் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது மோட்டார். மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவது சட்ட விரோதம். பிடித்தால் பறிமுதல். ஆனாலும் தண்ணீர் வந்ததும் தெருவே "விர்" என்று இரைகிறது. ஒரு வீட்டில் மோட்டார் உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது மட்டும் இல்லை. அந்த உறிஞ்சலில் சாக்கடையும் சேர்ந்து வரும். அடுத்தவன் தண்ணீரைத் திருடுகிறவன் தன் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் வினை வைக்கிறான்.

ஆறும் கெட்டுக் கிடக்கிறது. கிருதுமால் நதி என்று புராணப் பேர் கொண்ட ஓடை, ஊருக்குள் சாக்கடையாக ஓடுகிறது. வைகையிலும் நகர எல்லைக்குள் கழிவு நீர் கலக்கிறது. அழகர் இறங்குவதற்கு அணையைத் திறந்தால்தான் ஆற்றில் ஆற்றுத் தண்ணீர். ஏ.வி.பாலம் அருகிலும் ஓபுளா படித்துறை அருகிலும் தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் தேங்கி நிலத்தடி நீர் உயரட்டும் என்று நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் சாக்கடையைத் தடுக்காமல் தடுப்பணை கட்டினால் தேங்குவது எது?

வேன் தண்ணீர் தப்புமா?

"குழாய்த் தண்ணி கெட்டது, ஆகவே வேன் தண்ணி" என்று ஜனங்கள் போய்விட்டார்கள். குடம் 10 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு குடம் என்றால் மாதம் 300 ரூபாய். வருஷம் 3 ஆயிரத்து 600. இரண்டு குடம் வாங்கும் வீட்டில் 7 ஆயிரத்து 200. ஒரு குமாஸ்தா வீட்டுக்கு இது ஒரு பண்டிகைச் செலவு. அந்தச் செலவுக்கு ரசீது கிடையாது.

சீல் போட்ட பாட்டிலுக்கும் கேனுக்கும் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை உரிமம் வேண்டும். வேனில் ரப்பர் குழாய் வழியாகக் குடத்தில் பிடித்து ஊற்றும் தண்ணீருக்குச் சீல் எங்கே? தொட்டியை என்றைக்குக் கழுவினார்கள்? குழாய் முனை தரையில் கிடந்ததா? வாங்குகிறவர் யாரும் கேட்பது இல்லை. தண்ணீர் இனிக்கிறது, அது போதும் என்கிறார்கள். மறுபடியும் நாக்குக் கணக்கு!

இன்னொரு விஷயம். மெஷினில் சுத்தமான தண்ணீரில் குளோரின் இருக்காது. குளோரின் என்பது காவல்காரன் மாதிரி. வழியில் ஒரு கிருமி நுழைந்தாலும் அடிப்பான். காவல்காரன் இல்லாத தண்ணீரில் வழியில் நுழைந்த கிருமி நிம்மதியாகப் பெருகும். குழாயில் "மருந்து வாடை அடிக்குது" என்று முகம் சுளிக்கிறார்களே, அந்த வாடை வந்தால் தண்ணீர் வரைக்கும் காவல் வந்திருக்கிறது என்று அர்த்தம். வாடையே இல்லாத நாளில்தான் யோசிக்க வேண்டும். வீட்டுக் குழாய் வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி.

இதை மாநகராட்சி ஊழியர்கள் சின்னப் பெட்டி ஒன்றை வைத்துச் சோதிக்கிறார்கள். மருந்துச் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சளின் அளவைப் பார்த்துக் குளோரின் அளவு சொல்வார்கள். சோதித்த கணக்கு ஃபைலுக்குள் போய்விடுகிறது. எந்தத் தெருவில், எந்தத் தேதியில், எவ்வளவு இருந்தது என்று வார்டு அலுவலகத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் என்ன? சாக்பீஸ் செலவுதான். பலகையில் "0" என்று எழுத வேண்டி வருமே என்ற பயம்தான் தடுக்கிறதோ என்னவோ.

பெரியாறு தண்ணீர் வந்தால்?

கூடலூர் அருகே லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்தம் செய்து, மதுரைக்குக் குழாயிலேயே கொண்டு வரும் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 1,296 கோடி ரூபாய்த் திட்டம். நாள் ஒன்றுக்கு 12½ கோடி லிட்டர் என்று கணக்கு. மலையில் இருந்து வரும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. தேனி விவசாயிகள் இதை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் வயலுக்குப் போகிற அதே தண்ணீர்தான் இது.

தண்ணீர் மாறினால் உப்புப் பிரச்சினை தீரலாம். குழாய் மாறாவிட்டால் கிருமிப் பிரச்சினை தீராது. தண்ணீரை மாற்றியதும் ஊரே விழித்துக்கொண்ட ஒரு கதை அமெரிக்காவில் உண்டு. பிளின்ட் என்ற நகரத்தில் 2014 ஏப்ரலில் செலவை மிச்சம் பிடிக்க வேறு ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அந்தத் தண்ணீர் பழைய குழாய்களை அரித்தது. குழாயில் இருந்த ஈயம் கரைந்து பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அதிகாரிகள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மதுரைக் குழாய்கள் வேறு வகை, பிரச்சினையும் வேறு. ஆனால் 150 கிலோமீட்டர் தூரம் சுத்தமாக வரும் தண்ணீர், கடைசி பத்து அடியில் சாக்கடைக்குள் கிடக்கும் குழாய் வழியாக வீட்டுக்குள் நுழைந்தால் என்ன பிரயோஜனம்?

சோதிப்பது எப்படி?

போர் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் ஒரு முறையாவது ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். உப்புக்காக அல்ல, புளோரைடுக்காக. அதற்கு ருசி கிடையாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல் கறை படியும், வயதானால் எலும்பு வளையும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் தலைமுறை தலைமுறையாக இதை அனுபவித்த பிறகுதான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. புளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும். சாக்கடை கலப்பதால் வரும் நைட்ரேட்டும் அப்படித்தான். அது 45-க்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க அந்தத் தண்ணீர் கூடாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் மாவட்டம்தோறும் இருக்கிறது. கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் சோதித்துத் தருவார்கள். உப்பு, புளோரைடு பார்ப்பதற்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில், இரண்டு மூன்று முறை அதே தண்ணீரில் அலசிவிட்டுப் பிடித்துக் கொடுக்கலாம். கிருமி பார்ப்பதற்கு வீட்டு பாட்டில் உதவாது. ஆய்வுக்கூடத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். பிடித்த அன்றே, ஐஸில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையத்தார் 1982-ல் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். மருந்து தடவிய காகிதத் துண்டு உள்ள சின்ன பாட்டில். அதில் குறித்த அளவு தண்ணீர் ஊற்றி மூடி, சூடான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். மலக் கிருமி கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் அந்தத் தெருவினர் எல்லோரும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிப்பதோடு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும்.